மான் அறுத்த நாடா

திருகோணமலை,
12.12.1968, போயா விடுமுறை மாலை.

என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அண்ணாவுக்கு,

ஓட்டத்தில் வென்றவர் யார்? உங்களுடைய கடைசி மூன்று கடிதங்களும் இந்தக் கேள்வியோடுதான் முடிந்தன. அப்போது ஓட்டம் நடக்கவேயில்லை. இப்போது நடந்துவிட்டது. நான் அங்கேயே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன், கண்ணாடியும் போட்டிருந்தேன், சுற்றுகளை எண்ணும் பொறுப்பும் என்னுடையதுதான். ஆனாலும் வென்றவர் யார் என்று எனக்குத் தெரியாது. கணிதத்தில் பட்டம் பெற்று இத்தனை வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள் இப்படி எழுதுவது வெட்கக்கேடுதான். ஆகவே கிண்ணத்தில் பெயர் பொறிக்க, கொழும்பில் உங்கள் பக்கத்தில் உளியோடு காத்திருக்கும் அந்த வெள்ளவத்தை மனிதரை வீட்டுக்குப் போய்ச் சாப்பிடச் சொல்லுங்கள்.

முதலில் கேட்டிருக்கவேண்டியதை இப்போது கேட்கிறேன். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அண்ணி சுகமா? இங்கே நானும் வீட்டுக் கூரையும் நனைந்தபடி நலமாக இருக்கிறோம். மழை பதினொரு நாளாகப் பெய்கிறதென்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். நான் எண்ணவில்லை. எண்ணுவதில் எனக்கிருந்த நம்பிக்கை இன்று மாலையோடு போய்விட்டது.

இது எல்லாம் உங்களால் வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஐப்பசியில் நீங்கள், போட்டியை நடத்தும் பாக்கியரத்தினம் மாஸ்டருக்கு எழுதிய கடிதத்தை அவர் ஊர் முழுக்க வாசித்துக் காட்டினார். "ஓடாமலிருக்க மழை ஒரு சாட்டா? அமெரிக்காவில் பனி கொட்டுகிற நாட்களில் கூரைக்குள்ளேயே ஓடுகிறார்கள்" என்று எழுதி, ஏதோ சஞ்சிகையிலிருந்து ஒரு படத்தையும் வெட்டி அனுப்பியிருந்தீர்கள். மாஸ்டர் அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். நமது தகப்பனாரின் ஞாபகமாக ஒரு மைல் ஓட்டத்துக்குக் கிண்ணம் தருவதாகவும் எழுதினீர்கள். அப்பா தன் வாழ்நாளில் ஓடியதை நான் பார்த்ததில்லை, பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை, அடுத்தது வரும் என்று நின்றுவிடுவார். ஆனாலும் உங்கள் பாசத்தை நான் மதிக்கிறேன். அந்தப் படத்தில் வழவழப்பான பலகைத் தரை இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, தூண் ஒன்றுகூட இல்லை. எங்களுக்குக் கிடைத்ததோ துறைமுகத்து வழியில் வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன பெரிய தகரக் கொட்டகை. நங்கூரச் சங்கிலிகள் வைத்திருந்த இடம், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உள்ளே தூணைத் தவிர வேறொன்றும் இல்லை. தூண்களைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் கீறி, தூண்களுக்கு வைக்கோல் சாக்குக் கட்டி, ஒழுகுகிற இடத்திலெல்லாம் வாளி வைத்து, வாசலில் "கிழக்கு மாகாண முதலாவது உள்ளரங்க மெய்வல்லுநர் போட்டி" என்று துணி கட்டினார்கள். அதுவே கடைசியுமாகும் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

காலையில் நடந்தவற்றைச் சுருக்கமாக எழுதுகிறேன். உயரம் பாய்ந்த ஒருவன் கூரை வளையிலே தொங்கிய வௌவால்களைக் கிளப்பிவிட்டான், நடுவர்கள் மூன்று பேரும் மேசைக்குக் கீழே போய்விட்டார்கள், ஆகவே அவன் எவ்வளவு பாய்ந்தான் என்பதற்குச் சாட்சி இல்லை. குண்டு எறிதலில் குண்டு தகரச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. போன குண்டு இன்னும் அகப்படவில்லை. மழை அதிகமானதும் ஊர் மான்கள் ஆறேழு, தெருவிலே நிற்பதைவிட இது மேல் என்று உள்ளே வந்துவிட்டன. அவற்றில் கொம்புள்ள கலைமான் ஒன்று, ஓட்டம் முடியும் கோட்டுக்குச் சற்று அப்பால், அங்கே தொங்கிய கப்பல் மணிக்கு நேர்கீழே படுத்துக்கொண்டது. மாஸ்டர் கை தட்டி "சூ, சூ" என்றார். எங்கள் விண்ணப்பங்களைக் கல்விக் கந்தோர் பார்ப்பதுபோல அது அவரைப் பார்த்துவிட்டு அசைபோட்டது. இந்த ஊரில் மானை அடித்துத் துரத்த யாருக்கும் மனம் வராது. அதற்கும் அது தெரியும்.

இனி உங்கள் மைல் ஓட்டம். கொட்டகையைப் பதினாறு முறை சுற்றினால் ஒரு மைல். ஓட வந்தவர்கள் மூன்று பேர். கிண்ணியா ஜவாஹிர், சாம்பல்தீவு அருளம்பலம், பாலையூற்றிலிருந்து நமது பேணாட். பேணாட் கனத்த பிள்ளை, அவன் ஓட வந்தது பெயருக்கு. மற்ற இருவரும் ஒரே சரக்கு வள்ளத்தில் மூட்டை இறக்குகிறவர்கள், கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதுதான். இவர்கள் ஓடியது உங்கள் கிண்ணத்துக்காக அல்ல, கோபிக்கவேண்டாம். கொழும்பிலே ஒரு சரக்குக் கம்பனி தன்னுடைய விளையாட்டுக் குழுவுக்கு மைல் ஓடக்கூடிய ஒருவனைத் தேடுகிறது. முதலாவதாக வருபவனுக்கு இங்கேயே, திருகோணமலைக் கிளையில், நிரந்தர வேலை. ஒரே ஓர் இடம். அதைக் கொடுப்பதற்கு ஓர் அதிகாரி கொழும்பிலிருந்து வந்திருந்தார். ஜவாஹிருக்கு மூன்றாவது பிள்ளை பிறக்கப்போகிறது. அருளம்பலத்துக்கு நிலாவெளியில் பேசிவைத்த பெண்ணின் தகப்பன், நிரந்தர வேலை கிடைத்த பிறகு வந்து கதைக்கச் சொல்லியிருக்கிறார். இருவருக்கும் அந்த ஓர் இடம் வேண்டும், இருவரும் ஒரே பானையில் கஞ்சி குடிக்கிறவர்கள். நோன்பு மாதம் தொடங்கியதிலிருந்து அருளம்பலமும் ஜவாஹிரோடு உட்கார்ந்து கஞ்சி குடித்து வருகிறானாம், நோன்பு இல்லாமலே.

ஓட்டம் மூன்று மணிக்கு என்று போட்டிருந்தது. அதிகாரியை வரவேற்றுப் பேசினார்கள். அதிகாரி நன்றி சொல்லிப் பேசினார். அந்த நன்றிக்கு நன்றி சொல்லி மாஸ்டர் எழுந்தவர், மனிதன் ஆதியில் ஏன் ஓடத் தொடங்கினான் என்ற இடத்திலிருந்து ஆரம்பித்தார். அவர் வேட்டைக் காலத்தைத் தாண்டுவதற்குள் மூன்று வாளி நிரம்பிவிட்டது. ஜவாஹிர் மெல்ல வந்து அவர் காதோரம் நின்றான்.

"சேர், நோன்பு துறக்கிற நேரத்துக்கு முதல் ஓடி முடிக்கணும். வகுறு ஒட்டிப் போச்சு."

"ஓம் தம்பி, ஓம். முடியிற கட்டத்துக்கு வந்திட்டன். இன்னும் ரெண்டு வசனம்தான்."

அந்த இரண்டு வசனம் முடிந்தபோது கொட்டகைக்குள் விளக்கேற்றவேண்டியிருந்தது. பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துக்காரர். அவர்கள் பாய் விரித்து, கஞ்சிப் பானையும் பேரீச்சம்பழமும் வைத்துக்கொண்டு, ஒரு கண் ஓட்டத்திலும் ஒரு கண் பானையிலுமாக இருந்தார்கள்.

இனி மணி. "கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கவேண்டும், மணி இல்லாத ஓட்டம் ஓட்டமே அல்ல" என்று நீங்கள் சிவப்பு மையில் கோடிட்டு எழுதியிருந்தீர்கள். பள்ளிக்கூட மணி விடுமுறைக்காகப் பூட்டப்பட்டிருந்தது. கோயில் மணியை இரவல் கேட்க எனக்குத் துணிவில்லை. கொட்டகைக்குள்ளேயே கப்பல் மணி தொங்க வேறு மணி ஏன் என்று மாஸ்டர் கேட்டார், நானும் சரி என்றேன். அந்த மணிக்குப் பொறுப்பு காவற்காரர் அலியார். எங்களுடைய இந்த ஏற்பாட்டை அவரிடமோ ஓடுகிறவர்களிடமோ சொல்லவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தெரியாமற்போன விஷயம் இதுதான்: மழை தகரத்தில் விழும்போது பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு அந்தக் கொட்டகைக்குள் கேட்காது. ஆகவே நோன்பு மாதம் முழுவதும் பொழுது பட்டதும் அலியார் அந்த மணியை அடிப்பார், அடித்ததும் வள்ளத்துக்காரர் எல்லோரும் இருந்த இடத்திலேயே நோன்பு துறப்பார்கள். துறைமுகத்துக்குள் வேலை செய்கிறவர்களுக்கு இது பழக்கம். நான் அதற்குள் வேலை செய்யவில்லை.

ஓட்டம் உண்மையில் நன்றாக இருந்தது அண்ணா, அதை மறைக்கமாட்டேன். ஜவாஹிர் முன்னே, அருளம்பலம் ஓரடி பின்னே, பேணாட் எங்கேயோ. வெறுங்கால்கள் சீமெந்தில் படுகிற சத்தம் மழைச் சத்தத்துக்கு மேலால் கேட்டது. ஓடிக்கொண்டே கதையும் நடந்தது.

"டேய் கிண்ணியா, வழி விடடா! வள்ளம் மாதிரி குறுக்கால போகாத!"

"பின்னால மூச்சு வாங்குறது நீயா மச்சான்? நான் எருமை ஏதும் உள்ளுக்கு வந்திட்டாக்கும் எண்டு பாத்தன்!"

பேணாட்டை அவர்கள் முதல் முறை தாண்டியபோது அவன் மரியாதையாக ஒதுங்கி நின்று வழிவிட்டான். இரண்டாம் முறை, "இன்னும் எத்தினை ரீச்சர்?" என்று என்னைக் கேட்டான். பதினைந்தாவது சுற்று முடிந்தது. இந்த ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜவாஹிர் கோட்டைத் தாண்டினான், நான் எழுந்து மணிக் கயிற்றைப் பிடித்து, அமெரிக்கா வரை கேட்கட்டும் என்று அடித்தேன்.

"பிஸ்மில்லா" என்று ஒரு பெரிய சத்தம் எழுந்தது. கொட்டகை முழுவதும் கைகள் பேரீச்சம்பழத்துக்குப் போயின. ஜவாஹிர் ஓடிய வேகத்திலேயே கோட்டுக்கு வெளியே திரும்பி, தன் பாயில் போய்ச் சப்பணம் கட்டி உட்கார்ந்து, பழத்தை வாயில் போட்டான். அருளம்பலம் நாலடி தனியே ஓடினான். முன்னே யாருமில்லை, வேலையும் பெண்ணும் ஒரு சுற்றுத் தூரத்தில் இருந்தன. அவன் நின்றான், திரும்பி வந்தான், கேத்திலை எடுத்து ஜவாஹிரின் கோப்பையில் தண்ணீர் ஊற்றினான், தானும் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சிக்குக் கை நீட்டினான். இத்தனை நாள் செய்த பழக்கம், கை தன்பாட்டில் செய்துவிட்டது. பேணாட் வந்து பார்த்தான். எல்லோரும் சாப்பிடுகிறார்கள், ஆகவே ஓட்டம் முடிந்தது என்று எண்ணிக்கொண்டு அவனும் கோப்பையோடு வரிசையில் நின்றான். ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு பிராணிதான். தலைக்கு மேலே மணி அதிர்ந்ததும் துள்ளியெழுந்த கலைமான், நேர்வழியால் பறந்து, கடைசிச் சுற்றுக்கென்று அப்போதுதான் கோட்டுக்குக் குறுக்கே பிடித்த, மாஸ்டரின் மனைவி ஆசையோடு வாங்கிக்கொடுத்த இளஞ்சிவப்பு நாடாவைக் கொம்பால் அறுத்துக்கொண்டு மழைக்குள் போய்விட்டது. நேரம் பார்க்க நின்றவர் கடமை தவறாதவர், கடிகாரத்தை நிறுத்திவிட்டார். மிகச் சிறந்த நேரம் என்கிறார்கள்.

அடுத்து வந்தவர் அலியார். தொழுகைக்குக் கைகால் கழுவப் பின்பக்கம் போயிருந்தவர் ஈரக் கையோடு ஓடிவந்தார்.

"ஆரு என்ட மணிய அடிச்ச? இன்னும் நேரம் இரிக்கி! ஆரு அடிச்ச?"

வாயில் போட்டவர்கள் மெல்லவுமில்லை, துப்பவுமில்லை. நான் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றேன், மறுத்துப் பயனில்லை. அலியாரின் கைக்கடிகாரம் ஒன்று சொன்னது, மாஸ்டரின் கடிகாரம் வேறொன்று சொன்னது. நாலைந்து பேர் வெளியே போய்ச் சூரியனைத் தேடினார்கள், பதினொரு நாளாகக் காணாத சூரியன் எனக்காக வந்துவிடுமா? கடைசியில் கிண்ணியா ஸெய்னுதீன் ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"தெரியாம நடந்தது. அல்லா மன்னிப்பான். சந்தேகம் உள்ளவங்க பொறகு ஒரு நோன்பு புடிச்சுக் குடுங்க, முடிஞ்சி போச்சு." பிறகு என்னைப் பார்த்து, "டீச்சர், நீங்கதானே அடிச்ச? எங்களோட சேந்து நீங்களும் ஒண்டு புடிங்களேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

அதிகாரி சிரிக்கிற நிலையில் இல்லை. "எனக்கு ஒரு பெயர் வேணும். நாளைக்கு இரவு ரயிலில் நான் போகவேணும்" என்றார். பிறகு நடந்ததுதான் நான் இந்தக் கடிதத்தில் உண்மையாக எழுத விரும்பியது.

ஜவாஹிர் எழுந்தான். "அருளம்பலத்துக்குக் குடுங்க சேர். அவனுக்கு நோன்பா? ஓடியிருந்தா வேலை அவனுக்கு. எனக்காக நிண்டவன்."

"விசர்க் கதை கதையாத! முன்னுக்கு ஓடினது ஆர்? நீ. உன்ர பிச்சை எனக்கு வேண்டாம்."

"பிச்சையா? நியாயத்தச் சொன்னா பிச்சையா உனக்கு? எடுடா வேலைய!"

"நீ எடடா! மூண்டு பிள்ளைக்கு என்னத்தைக் குடுக்கப் போறாய், கடற்தண்ணியோ?"

"என்ட புள்ளையப் பத்தி நீ பேசாத! உனக்குப் பொண்ணு வேணாமா?"

சட்டையைப் பிடித்துவிடுவார்கள் போலிருந்தது, விட்டுக்கொடுப்பதற்காக. இடையில் பேணாட், "அப்ப எனக்குத் தாங்கோவன்" என்றான். இருவரும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பி, "நீ சும்மா இரு" என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது.

நாளை காலை, வேலைச் சங்கு ஊதுவதற்கு முன், கடைசிச் சுற்றை மட்டும் மறுபடி ஓடுவதென்று முடிவாகியிருக்கிறது. ஜவாஹிர் ஓரடி முன்னே, அருளம்பலம் ஓரடி பின்னே, இன்று இருந்தபடியே. என்னைக் கேட்டால் அது வீண்வேலை. நான் சுலபத்தில் உருகுகிறவள் அல்ல, அது உங்களுக்குத் தெரியும், சிறுவயதில் நீங்கள் என்னை அதற்காகவே கேலி செய்வீர்கள். ஆனால் ஒரு நிரந்தர வேலையை "நீ எடு, நீ எடு" என்று இருவர் ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிடுவதை நான் இன்றுதான் கண்டேன். பல்கலைக்கழகத்திலும் காணவில்லை, ஆசிரியர் அறையில் நிச்சயமாகக் காணவில்லை. நாளைக்கு இருவரும் ஒருவரை ஒருவர் முன்னே விட முயல்வார்கள், அந்தச் சுற்று மத்தியானம் வரை நீளும். எனவே என் ஆலோசனை: கிண்ணத்தில் இரண்டு பெயரையும் அருகருகே பொறிக்கச் சொல்லுங்கள். இடம் மிஞ்சினால் ஒரு மானும் கீறலாம். மனிதர்களைப் பற்றி நான் இவ்வளவு காலமும் கொண்டிருந்த கருத்தைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம் என்றும் இருக்கிறேன்.

அண்ணியின் கையால் நீங்கள் நீண்டகாலம் உப்புக் குறைவாகச் சாப்பிட்டு வாழவேண்டும் என்று மாதாவை மன்றாடுகிறேன். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். இனிமேல் சஞ்சிகையில் படம் ஏதும் வெட்டினால் தயவுசெய்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்புத் தங்கை,
மாகிரட் பஸ்தியாம்பிள்ளை.

பி.கு. 13.12.1968, மாலை.

மேலே விட்டுக்கொடுத்தல் பற்றி எழுதியதையெல்லாம் வெட்டிவிடவும். தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

இன்று காலை மணியை அலியாரே அடித்தார், என்னைக் கயிற்றின் பக்கம் வரவிடவில்லை. மணிச் சத்தம் கேட்டதுதான் தாமதம், இருவரும் வெறிபிடித்தவர்களாக ஓடினார்கள். முதல் வளைவில் ஜவாஹிர் முழங்கையால் இடித்தான், அருளம்பலம் தூண் சாக்கில் மோதி வைக்கோலோடு எழுந்து வந்தான். இரண்டாவது வளைவில் அருளம்பலம் எட்டி ஜவாஹிரின் சட்டையைப் பிடித்தான், சட்டைக் கை கழன்று அவன் கையோடு போனது. ஜவாஹிர் ஒற்றைக் கைச் சட்டையோடு, ஒரு நெஞ்சு முன்னாலே, கோட்டைத் தாண்டினான். முழுச் சுற்றும் நான் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. அதிகாரி ஜவாஹிரின் பெயரை எழுதிக்கொண்டார். அருளம்பலம், "நேற்று நான் நிண்டிருக்கக் கூடாது. இனி உன்ர முகத்தில முழிக்கமாட்டன்" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டுப் போனான். ஜவாஹிரும் "போடா" என்றான்.

மாலையில் நான் கொட்டகைக்குப் போனேன், மாஸ்டரின் மேசைத்துணியைத் திருப்பி எடுக்கத்தான் போனேன். அலியார் மணி அடித்தார். எல்லோரும் நோன்பு துறந்தார்கள். ஜவாஹிர் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தான்.

"மணி அடிச்சாச்சு, வாயில போடுடா" என்றார் அலியார். "மணிக்குப் பொறகு வச்சிக்கிட்டு இரிக்கப்படாது."

"போடுறன், போடுறன்" என்றான். போடவில்லை.

அருளம்பலம் மழையில் நனைந்துகொண்டு வந்தான். இடுப்பிலிருந்து அந்தச் சட்டைக் கையை எடுத்து ஜவாஹிரின் மடியில் எறிந்தான்.

"கஞ்சிக்குத்தான் வந்தனான். உன்ர மூஞ்சையைப் பாக்க இல்லை."

"அப்ப கண்ண மூடிக்கிட்டுக் குடி" என்று சொல்லி ஜவாஹிர் பழத்தை வாயில் போட்டான். கோப்பையை நிரப்பி நீட்டிவிட்டு, "நாளையில இருந்து வள்ளத்துச் சுக்கான் உனக்கு. வள்ளத்து மூப்பருக்கிட்ட சொல்லிட்டன். நிரந்தரம் இல்ல, ஆனா மூட்டை சுமக்கத் தேவையில்ல" என்றான். "நிலாவெளியில இதச் சொன்னாப் போதாதா?"

"பாப்பம்" என்றான் அருளம்பலம், கண்ணை மூடிக்கொள்ளாமல்.

கிண்ணத்தில் ஜவாஹிர் என்று மட்டும் பொறிக்கவும். மானைக் கடலோரக் கோட்டைப் பக்கம் கண்டார்களாம், நாடா இன்னும் கொம்பில் இருக்கிறது. ஹாஜியார் எனக்கும் ஒரு கோப்பை கஞ்சி ஊற்றச் சொன்னார். உப்புக் கொஞ்சம் கூடுதல். ஆனாலும் நான் இரண்டு கோப்பை குடித்தேன், விடியலிலிருந்து பச்சைத் தண்ணீரும் பல்லில் படவில்லை. ஏன் என்று தயவுசெய்து பதில் கடிதத்தில் கேட்கவேண்டாம்.

மா.